படிக்காமல் விட்ட அறிக்கைகள்

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் இருக்கும் அந்தக் கடையில் தங்கம் விற்பதில்லை. பரதநாட்டியத்துக்கான கெம்பு நகைகள் மட்டும்தான். நெத்திச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி, மாட்டல், வங்கி, ஒட்டியாணம் என்று முழு செட்டாகச் செய்து கொடுப்பார்கள். கடைக்கு வந்து வாங்குகிறவர்கள் பாதி என்றால், மீதிப் பாதி மின்னஞ்சலில் வருகிறவர்கள். மும்பை மாட்டுங்காவிலும் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் நடனம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர்கள், ஒரு பெண்ணுக்கு அரங்கேற்றத் தேதி முடிவானதும் இடுப்பளவையும் கல்லின் நிறத்தையும் எழுதி அனுப்புவார்கள். கடையிலிருந்து பில் போகும். பணம் வரும். பார்சல் கிளம்பும். முப்பது வருடப் பழக்கம் உள்ளவர்களும் அதில் உண்டு. கடைக்காரரை ஒருமுறைகூட நேரில் பார்க்காதவர்களும் உண்டு.

அந்தக் கடையின் இணையதளத்தையும் மெயிலையும் பார்த்துக்கொள்கிறவன் நான். மந்தைவெளியில் வீடு. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று இருபது சிறிய கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் இதே வேலை செய்கிறேன். 2022 மார்ச்சில் கடைக்காரர் கூப்பிட்டு, பில் மெயில்கள் பலருக்கு ஸ்பேமில் போய் விழுகின்றன என்றார். ஒரு மதியம் உட்கார்ந்து, கடையின் இணையப் பெயருக்கான பொதுப் பதிவேடான டி.என்.எஸ்.ஸில் இரண்டு வரிகள் சேர்த்தேன். ஒன்று எஸ்.பி.எஃப்., இன்னொன்று டிமார்க். மூன்றாவதாக டி.கே.ஐ.எம். என்று ஒன்று உண்டு. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மெயில்கள் இன்பாக்ஸுக்குப் போக ஆரம்பித்தன. பணம் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது கடைக்காரரிடம் நான் சொன்ன வாக்கியம் இன்றும் நினைவிருக்கிறது: "இனிமே உங்க பேர்ல வேற யாரும் மெயில் அனுப்ப முடியாது சார்."

அது பொய். பொய் சொல்கிறோம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஆனால் பொய்தான்.

ஏன் பொய் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மின்னஞ்சலை ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் எஸ்.எம்.டி.பி. விதிகளை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதினார். அப்போது இணையத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக்கூடங்களும்தான். அனுப்புகிறவர் தன் பெயரைச் சரியாகத்தான் எழுதுவார் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்ட விதி அது. தபால் உறையின் மூலையில் அனுப்புநர் முகவரி எழுதுகிறோமே, அதை எந்தத் தபால்காரராவது சரிபார்ப்பாரா? மயிலாப்பூர், 600004 என்று யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் எழுதலாம். மெயிலில் 'ஃப்ரம்' என்ற இடத்தில் தெரியும் முகவரியும் அப்படித்தான்.

இந்த ஓட்டையை அடைக்கப் பின்னால் வந்தவைதான் அந்த மூன்றும். நகைக்கடைக்காரருக்குப் புரியும்படி நான் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். எஸ்.பி.எஃப். என்பது எங்கள் சரக்கை இன்னின்ன ஆட்கள்தான் எடுத்து வருவார்கள் என்று கடை வாசலில் ஒட்டிய பட்டியல். 2006இல் விதியாக வெளிவந்தது. டி.கே.ஐ.எம். அடுத்த வருடம் வந்தது. அது ஹால்மார்க் மாதிரி. ஒவ்வொரு மெயிலிலும் ஒரு முத்திரை விழும். அந்த முத்திரை அசலா என்று சோதிக்கத் தேவையான சாவி எல்லோருக்கும் தெரியும்படி டி.என்.எஸ்.ஸில் இருக்கும். முத்திரை போடுகிற சாவி மட்டும் கடைக்காரரிடம் இருக்கும். வழியில் யாராவது மெயிலில் கை வைத்தால் முத்திரை செல்லாது. இந்த இரண்டையும் கட்டி ஆள்வது டிமார்க். 2012இல் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாகூ, பேபால் போன்ற நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்தன. பட்டியலிலும் இல்லை, எங்கள் முத்திரையும் இல்லை, ஆனால் எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவன் வந்தால் அவனை என்ன செய்ய வேண்டும் என்று மெயில் வாங்குகிறவருக்குச் சொல்லும் உத்தரவு அது.

உத்தரவில் மூன்று வகை. 'ரிஜெக்ட்' என்றால் வாசலோடு திருப்பி அனுப்பு. 'குவாரன்டைன்' என்றால் ஸ்பேமில் போடு. 'நன்' என்றால் ஒன்றும் செய்யாதே, உள்ளே விடு, எனக்கு ஒரு தகவல் மட்டும் அனுப்பு. நான் எழுதியது 'நன்'. முதலில் 'நன்' போட்டு, தினமும் வரும் அறிக்கைகளைப் படித்து, நம் ஆட்கள் எல்லோரும் ஒழுங்காகப் பட்டியலில் இருக்கிறார்களா என்று பார்த்து, அதன்பின் மெல்ல 'ரிஜெக்ட்' வரை போவதுதான் முறை. அறிக்கைகள் கூகுளிலிருந்தும் மைக்ரோசாஃப்டிலிருந்தும் யாகூவிலிருந்தும் நாள்தோறும் சுருக்கப்பட்ட கோப்புகளாக வரும். எக்ஸ்.எம்.எல். வடிவம், கண்ணுக்கு இதமில்லாத எழுத்து. இருபது கடைகளின் அறிக்கையும் ஒரே பெட்டியில் வந்து குவிந்ததால், ஒரு ஃபில்டர் போட்டு, தானாகவே 'படித்தது' என்று குறிக்கப்பட்டுத் தனி ஃபோல்டருக்குப் போகும்படி செய்துவிட்டேன். பத்தொன்பது மாதம் அந்த ஃபோல்டரைத் திறக்கவில்லை.

2023 விஜயதசமி முடிந்து இரண்டு நாள். மாட்டுங்காவிலிருந்து ஒரு டீச்சர் கடைக்குப் போன் செய்து, பன்னிரண்டு செட்டும் எப்போது கிளம்பும் என்று கேட்டார். பாக்கிப் பணம் இன்னும் வரவில்லையே என்றார் கடைக்காரர். ஆறு நாள் முன்பே அனுப்பிவிட்டேனே என்றார் டீச்சர். இரண்டு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பாக்கியை இந்தப் புதிய கணக்கில் செலுத்தவும்' என்று கடையின் முகவரியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. அதை நம்பி அனுப்பியிருக்கிறார். அப்போது கணக்கு எண் சரியாக இருந்தால் பணம் போய்விடும். எண்ணுக்கு உரியவரின் பெயரை அனுப்புகிறவருக்கு முன்கூட்டியே காட்டும் வசதியை எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது 2025 ஏப்ரலுக்குத்தான். டீச்சர் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்தார், புகார் பதிவு செய்தார். பணம் அந்தக் கணக்கிலிருந்து எப்போதோ கைமாறியிருந்தது.

நான் கடைக்குப் போனபோது கடைக்காரரின் மகன் டீச்சர் ஃபார்வர்டு செய்த மெயிலைக் காட்டினார். ஃப்ரம் முகவரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எங்கள் முகவரியேதான். "பாஸ்வேர்டு வெளிய போயிருக்கு. இல்லன்னா நம்ம ஐடிலேர்ந்து எப்படி மெயில் போகும்?" என்றார் மகன். பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் மூன்று பேர். அப்பா, மகன், கணக்கு பார்க்கும் பெண். முதல் இருவர் போக மீதி யார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. அன்று மதியமே பாஸ்வேர்டை மாற்றினார்கள். மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணைக் கம்ப்யூட்டர் பக்கம் விடவில்லை; முன்கட்டில் உட்கார்ந்து முத்துச்சரம் கோர்க்கச் சொன்னார்கள்.

அன்று இரவு வீட்டில் அந்த ஃபோல்டரைத் திறந்தேன். விடியும்வரை ஒவ்வொரு கோப்பாகப் பிரித்துப் பார்த்தேன். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், கடைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சர்வரிலிருந்து எங்கள் பெயரில் மூன்று மெயில்கள். ஒரு வாரம் கழித்துப் பதினொன்று. செப்டம்பரில் அதிலிருந்து ஒன்றுமில்லை. அக்டோபர் இரண்டாம் வாரத்தில் நூற்று நாற்பதுக்கு மேல். ஒவ்வொரு வரியிலும் எஸ்.பி.எஃப். தோல்வி, டிமார்க் தோல்வி. அதன் பக்கத்திலேயே, எடுத்த நடவடிக்கை: 'நன்'. உங்கள் பெயரில் யாரோ அனுப்புகிறார்கள், நீங்கள் தடுக்கச் சொல்லவில்லை, அதனால் நாங்கள் தடுக்கவில்லை என்று எனக்கு நாள்தோறும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். வாடிக்கையாளர்களின் முகவரிகள் எப்படிக் கிடைத்தன என்பதும் பிறகு ஊகிக்க முடிந்தது. ஜூலையில் கடையிலிருந்து போன ஆடித் தள்ளுபடி மெயிலில் எல்லாருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. அதை அனுப்பியது அந்தப் பெண் அல்ல.

ஆக, பாஸ்வேர்டு எங்கும் போகவில்லை என்பது அன்று இரவே எனக்குத் தெரியும்.

நான் சொல்லவில்லை. ஒன்பது நாள் சொல்லவில்லை. முழுதாக விசாரித்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். உண்மையில் பயம்தான். ஒரு கடையில் இது வெளியே வந்தால் மற்ற பத்தொன்பது கடைகளும் கேட்கும். நான்காவது நாள் கடையை விட்டு இறங்கும்போது அந்தப் பெண் பின்னாலேயே தெருவுக்கு வந்தாள். "அண்ணா, நான் யார்கிட்டயும் பாஸ்வேர்டு சொல்லல. வீட்ல அம்மாகிட்டகூட இதைப் பத்திப் பேச முடியல. உங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும், நீங்களாவது சார்கிட்ட சொல்லுங்கண்ணா" என்றாள். "பாக்குறேம்மா" என்றேன். தெப்பக்குளம் வரை நடந்து வந்து வண்டியை எடுத்தேன். அந்த 'பாக்குறேம்மா'வை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

ஒன்பதாவது நாள் மாட்டுங்கா டீச்சருக்குப் போன் செய்தேன். ஃபார்வர்டு செய்த மெயிலில் அசல் தலைப்பு வரிகள் இருக்காது. அவை அவருடைய பெட்டியில் வந்த மெயிலில்தான் இருக்கும். ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' என்று ஒன்று உண்டு, ஆனால் செல்போன் ஆப்பில் அது கிடையாது. டீச்சரின் மாணவி ஒருத்தி லேப்டாப்பைத் திறந்து, நான் சொல்லச் சொல்லப் படித்துக் காட்டினாள். எஸ்.பி.எஃப்.: சாஃப்ட்ஃபெயில். டி.கே.ஐ.எம்.: இல்லை. டிமார்க்: ஃபெயில். பதில் போக வேண்டிய முகவரி என்ற இடத்தில் நாங்கள் யாரும் கேள்விப்படாத ஒரு முகவரி. கடையின் மெயில் கணக்கில் யாராவது புகுந்து அனுப்பியிருந்தால் எஸ்.பி.எஃப். பாஸ் என்று வந்திருக்கும். இது வெளியிலிருந்து, எங்கள் பெயரை மட்டும் எழுதி அனுப்பப்பட்டது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரருக்கு எழுபது வயது. நான் சொல்லி முடிக்கும்வரை கையிலிருந்த ஒட்டியாணத்தைக் கீழே வைக்கவில்லை. தப்பு என்னுடையது, ஒன்றரை வருடம் முன்பு நான் சொன்னது உண்மையில்லை, இந்தக் காகிதங்களை நான் அப்போதே படித்திருந்தால் ஆகஸ்டிலேயே தெரிந்திருக்கும், போன வாரமே எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பணத்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார்.

இல்லை என்றேன்.

"அவகிட்ட மொதல்ல சொல்லிட்டு அப்புறம் எங்கிட்ட வந்திருக்கணும்."

முன்கட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் கோர்த்துக்கொண்டிருந்த சரத்தை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "சரிண்ணா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. டீச்சருக்கு ஏற்பட்ட நஷ்டத்தில் பாதியைக் கடை ஏற்றுக்கொண்டது. அந்தப் பாதியில் ஒரு பங்கை நான் மாதத் தவணையில் கொடுத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் எழுதும் தைரியம் வந்திருக்குமா தெரியாது. ஏனென்றால் அடுத்ததாக நான் செய்ததும் தப்புதான், அதுவும் முதல் தப்பைச் சரிசெய்யப் போன வேகத்தில் செய்தது. நவம்பர் 20ஆம் தேதி டி.கே.ஐ.எம். சாவியை உருவாக்கினேன். 2048 பிட் சாவி நீளமானது, டி.என்.எஸ்.ஸில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துக்கு மேல் கொள்ளாது, இரண்டாக உடைத்து மேற்கோள் குறிகளுக்குள் வைக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்தேன். எஸ்.பி.எஃப். வரியின் முடிவை இறுக்கினேன். அதே கையோடு 'நன்' என்பதை அழித்து 'ரிஜெக்ட்' என்று எழுதினேன். அடுத்த இரண்டு நாள் அறிக்கைகளை உடனுக்குடன் படித்தேன். முன்பு கவனித்திராத ஒரு சர்வரிலிருந்து தினமும் நான்கைந்து மெயில் வருவதும், எல்லாம் திருப்பி அனுப்பப்படுவதும் தெரிந்தது. திருடனை விரட்டிவிட்டோம் என்று நினைத்தேன்.

அது திருடன் அல்ல. கடையின் பில்லிங் சாஃப்ட்வேர்.

அந்த சாஃப்ட்வேர் பில்லைக் கடையின் பெயரில் அனுப்பும், ஆனால் தன்னுடைய சர்வரிலிருந்து. உறையில் அதன் சொந்த முகவரி, உள்ளே கடிதத் தலைப்பில் கடையின் முகவரி. அதற்கு எஸ்.பி.எஃப். சரியாகவே இருந்தது, ஆனால் அந்த சாஃப்ட்வேர் கம்பெனியின் பெயருக்குத்தான். டிமார்க் கேட்பது வெறும் பாஸ் அல்ல. எந்தப் பெயருக்குப் பாஸ் கிடைத்ததோ அதே பெயர்தான் ஃப்ரம் வரியிலும் இருக்க வேண்டும். இங்கே பொருந்தவில்லை. பழைய அறிக்கைகளில் அந்த சர்வரும் இருந்திருக்கிறது. திருடனைத் தேடிய அவசரத்தில் அந்த வரிகளைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். திரும்பி வந்த மெயில்களின் தகவலும் உறை முகவரிக்கே போகும் என்பதால், பில் போகவில்லை என்று கடைக்குத் தெரிய வழியே இல்லை.

மார்கழி சீசனுக்கு முந்தைய இரண்டு வாரம்தான் அந்தக் கடைக்கு வருடத்திலேயே முக்கியமான நாட்கள். பணம் வருவது குறைந்தது. அதற்குள் மிக்ஜாம் புயல். டிசம்பர் 4ஆம் தேதி சென்னை நீரில் நின்றது. பல பகுதிகளில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை, நெட் இல்லை. யாரும் பதில் போடாததற்கு மழைதான் காரணம் என்று எல்லோரும் நினைத்தோம். தண்ணீர் வடிந்த பிறகு திருவான்மியூரிலிருந்து ஒரு டான்ஸ் டீச்சர் ஆட்டோவில் நேராகவே வந்து, "பில் அனுப்பறேன்னு சொல்லி மூணு வாரம் ஆச்சு, ஆர்டர் எடுத்துக்கிட்டீங்களா இல்லையா?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. முப்பத்தேழு பில்கள் யாரையும் சென்று சேரவில்லை. சிலர் வேறு கடைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

மறுபடியும் 'நன்'. இந்தமுறை ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். கடையின் பெயரில் மெயில் அனுப்புகிறவர்கள் யார் யார் என்று ஒவ்வொருவரையும் எழுதினேன். மெயில் கணக்கு. பில்லிங் சாஃப்ட்வேர். இணையதளத்தில் இருக்கும் விசாரணைப் படிவம். வாழ்த்து மெயில் அனுப்பும் சேவை. ஒவ்வொன்றிலும் கடையின் பெயரிலேயே டி.கே.ஐ.எம். முத்திரை விழும்படி ஏற்பாடு செய்தேன். பில்லிங் கம்பெனிக்காரர்களிடம் அதைக் கேட்டு வாங்க மூன்று வாரம் ஆனது. எல்லாரையும் எஸ்.பி.எஃப்.பில் சேர்த்துக்கொண்டே போகவும் முடியாது. பத்து தேடல்களுக்கு மேல் போனால் அந்த வரியே செல்லாமல் போகும். தினமும் காலையில் முந்தைய நாள் அறிக்கையைத் திறந்து ஒவ்வொரு சர்வருக்கும் எதிரே நோட்டில் டிக் அடித்தேன். 2024 ஜனவரியில் தோல்வியடைந்தவற்றில் கால் பங்கை மட்டும் 'குவாரன்டைன்' செய்யச் சொன்னேன். பிறகு பாதி. பிறகு முழுதும். மார்ச் கடைசியில் 'ரிஜெக்ட்'. எந்தப் பில்லும் தொலையவில்லை.

இதற்கிடையே பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் ஒரு விதி கொண்டுவந்தன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் ஐயாயிரத்துக்கு மேல் மெயில் அனுப்புகிறவர்களுக்கு டிமார்க் கட்டாயம். தி.நகரில் உஸ்மான் ரோடு பக்கத்திலிருந்து ஜவுளிக்கடைக்காரர்கள், பாத்திரக்கடைக்காரர்கள் என்று போன் வந்துகொண்டே இருந்தது. ஐயாயிரம் என்ன, ஐந்நூறுகூட அனுப்பாதவர்களும் கேட்டார்கள். அந்த விதிக்கு 'நன்' போதும். அதனால் எல்லோரும் 'நன்' போட்டுவிட்டு வந்துவிடச் சொன்னார்கள். நான் முடியாது என்றேன். அறிக்கையைப் படிக்க மாதம் இவ்வளவு ஆகும், படிக்க வேண்டாம் என்றால் இந்த வேலையை நான் எடுத்துக்கொள்வதில்லை என்றேன். நான்கு பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருடைய கடையின் பதிவை அண்மையில் பார்த்தேன். இன்னும் 'நன்'தான். அறிக்கை போய்ச் சேரும் முகவரி அதில் எழுதப்படவே இல்லை.

கணக்கு பார்த்த பெண் பொங்கலுக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டாள். கடைக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அடையாறில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நானாகப் போன் செய்ய மனம் வரவில்லை.

போன ஆடியில் ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். குசலம் விசாரிக்கவெல்லாம் இல்லை. "அண்ணா, ஒரு மெயில் வந்திருக்கு. எங்க கிளையன்ட் ஒருத்தர் பேர்ல. டேக்ஸ் ரீஃபண்டுக்கு வேற அக்கவுன்ட் நம்பர் குடுத்திருக்கார். நான் ஷோ ஒரிஜினல் போய் பார்த்துட்டேன். எஸ்.பி.எஃப். பாஸ், டி.கே.ஐ.எம். பாஸ், டிமார்க்கும் பாஸ். மூணும் பாஸ்னா நம்பலாமா?"

முகவரியை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். மூன்றும் பாஸ் என்றால் அந்த முகவரிக்கு உரிய இடத்திலிருந்துதான் மெயில் வந்தது என்று அர்த்தம். அந்த முகவரி நமக்குத் தெரிந்தவருடையதுதானா என்பதை எந்தப் பதிவும் சொல்லாது. அதை அவளுக்கு விளக்கலாம் என்று வாயெடுத்தேன். அவள் பாதி படிக்கும்போதே நிறுத்திவிட்டாள்.

"இருங்கண்ணா. இது எம் இல்ல. ஆர், என், ரெண்டையும் ஒட்டி வச்சிருக்கான்."

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. சிக்னலில் பஸ் ஹாரன் அடிப்பது போனில் கேட்டது.

"கிளையன்ட்டுக்கு நேராவே போன் பண்ணிக் கேட்டுடறேன்" என்றாள். "அதுக்கு முன்னாடி எங்க சார்கிட்ட சொல்லிடறேன். பக்கத்து சீட்டுப் பொண்ணுதான் இந்த மெயிலைத் திறந்தா. அவ பயந்துபோய் உக்காந்திருக்கா."